சூல்கொண்டவளின் சோறு: தட்டு, இலை, மாத்திரை

1

கொடைக்கானல் என்றவுடன் ஏரி, குறிஞ்சி, தேனிலவு என்று சுற்றுலாத் துறை எழுதிக்கொடுத்த கதையாடல் ஒன்று நமக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த ஊர் எதற்காகக் கட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. 1834ல் மதுரையில் காலூன்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845ல் பழனி மலையின்மேல் அவர்கள் முதல் வீடுகளைக் கட்டியது காற்று வாங்குவதற்காக அல்ல; சாகாமலிருப்பதற்காக. ஆக, கொடைக்கானல் என்பதே அடிப்படையில் ஓர் உடல்நலத் திட்டம்தான். யாருடைய உடலின் நலம் என்பதுதான் கேள்வி.

மோட்டார் சாலை வருகிறவரைக்கும், அதாவது 1910கள்வரை, வெள்ளைக்காரக் குடும்பங்கள் நாற்காலியிலும் டோலியிலும் கூலிகளின் தோளேறித்தான் மேலே போயின. சாலை வந்தபிறகு அந்த டோலி மறைந்துவிட்டதா என்றால் இல்லை, திசைதான் மாறியது. பெரியகுளத்திலிருந்து ஏறும் பழைய பாதையில் கிடக்கும் வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நிறைமாதப் பெண்களை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தி, 2000க்குப் பிறகும் நாளிதழ்களின் உள்பக்கங்களில் வந்துகொண்டுதான் இருந்தது. ஓர் உடலைக் காப்பாற்ற ஒரு நகரமே எழும்பிய மலையில், இன்னோர் உடலுக்கு ஒரு சாலைகூட எளிதில் வரவில்லை.

கர்ப்பகாலச் சிக்கல்கள் என்று பேசும்போது நாம் வழக்கமாக இந்தச் சாலையைப் பற்றியும் ஆஸ்பத்திரியைப் பற்றியும்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் டோலியில் ஏறுவதற்கு முந்தைய ஒன்பது மாதம் இருக்கிறதே, அந்த ஒன்பது மாதமும் அவள் தட்டில் என்ன இருந்தது? அந்தத் தட்டைப் பற்றிய ‘அறிவு’ எங்கே, யாரால், யார் உடம்பை வைத்து உண்டாக்கப்பட்டது? அந்த அறிவு தட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை அங்கேயே விட்டுவிட்டது? இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது இதைத்தான்.

2

முதலில் ‘அறியாமை’ என்னும் சொல்லைப் பார்த்துவிடுவோம். கர்ப்பிணிகளின் சோகைக்கும் குறைப்பிரசவத்துக்கும் காரணம் சொல்லும் எந்த அரசு அறிக்கையிலும் இந்தச் சொல் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிராமத்துப் பெண்ணுக்கு எதைத் தின்பது என்று தெரியாது; மூடநம்பிக்கை; ஆகவே போதிக்க வேண்டும். இதற்கு நேரெதிரில் நின்றுகொண்டு, நம் பாட்டிகளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று பழம்பெருமை பேசுகிற கூட்டம். பார்க்கப்போனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தட்டை அது வைக்கப்பட்டிருக்கும் வீட்டிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிரித்தெடுத்து, மூளைக்குள் இருக்கும் ஒரு சமாச்சாரமாக ஆக்கிவிடுகிறார்கள்.

பப்பாளியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்துக் கர்ப்பிணிகள் எவற்றையெல்லாம் விலக்குகிறார்கள் என்று ஆராய்ந்து கப்ரியேல்லா ஐக்கிங்கர் ஃபெர்ரோ-லுட்ஸி 1973ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த விலக்குகளில் பப்பாளிக்கு முக்கிய இடம். “சூடு, கலைஞ்சிரும்” என்பது நாமெல்லாம் கேட்டு வளர்ந்த வாக்கியம். ‘ஆயிரமாயிரம் ஆண்டு மரபு’ என்று இதைச் சொல்ல முடியுமா? பப்பாளி அமெரிக்கக் கண்டத்து மரம்; போர்த்துக்கீசியர்களுக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டிலிருந்துதான் இங்கே பரவியது. ஆக, பெண்கள் ஒரு புதிய பழத்தைப் பார்த்து, பழைய சூடு–குளிர்ச்சிக் கணக்கில் அதற்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காயின் பாலுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்று எலிகளில் செய்த சோதனைகள் பிற்பாடு காட்டின. நன்றாகப் பழுத்த பழத்தில் அந்தத் தொல்லை தென்படவில்லை. மரபு உறைந்துபோன கல்வெட்டும் அல்ல, வெறும் பிதற்றலும் அல்ல. பார்த்து, பயந்து, சேர்த்துக்கொண்டே போகும் ஒரு கணக்கு அது. தப்பும் வரும், சரியும் வரும்.

அடுத்தது, கர்ப்பிணி குறைவாகத் தின்ன வேண்டும் என்கிற வழக்கம். “புள்ள பெருசாயிட்டா வெளிய வராது” என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையையே இந்தப் பயத்தில் கூரையில் செருகி வைத்தவர்கள் உண்டு. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் டாக்டர்கள் தங்கள் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் லுட்விக் புரோகோவ்னிக் 1889ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்குக் கடைசி வாரங்களில் மாவுச்சத்தையும் தண்ணீரையும் குறைத்துவிடு, குழந்தை சிறிதாகப் பிறக்கும், தாய் பிழைப்பாள் என்றார். வயிற்றைக் கீறி எடுத்தால் தாய் சாவது சகஜமாக இருந்த காலம் அது. முதல் உலகப்போரில் ஜெர்மனியில் இறைச்சியும் கொழுப்பும் கிடைக்காமல் போனபோது கர்ப்ப ஜன்னி குறைந்ததாகக் கண்டார்கள். உடனே இறைச்சிதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு உப்பு குற்றவாளியானது. அப்புறம் எடை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கர்ப்பிணிகள் எடை கூடக்கூடாது என்று பட்டினி போடப்பட்டார்கள், உப்பில்லாமல் தின்றார்கள், நீர் பிரிய மாத்திரை விழுங்கினார்கள். உப்பைக் குறைப்பதால் ஜன்னி தடைபடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது பின்னால்தான் தெளிவானது.

அவர்கள் செய்ததற்குப் பெயர் ‘விஞ்ஞானம் வளர்ந்த கதை’. இவள் செய்ததற்குப் பெயர் மூடநம்பிக்கை. அறுவைக்கூடமும் சாலையும் இல்லாத ஊரில், குழந்தை சிக்கிக்கொண்டால் இரண்டு உயிரும் போகும் என்று பார்த்துப் பழகிய ஒருத்தி, சின்னக் குழந்தையே போதும் என்று நினைத்தது தன் கையிலிருந்த ஒரே காப்பீடு. அந்தக் காப்பீட்டுக்கு அவள் கொடுத்த விலை பெரிது என்பதையும் மறைக்க வேண்டாம். குறைவாகத் தின்றதால் இரத்தம் சுண்டியது. பிறந்த பிள்ளை எடை குறைந்து நோஞ்சானாய் இருந்தது. ஆனால் அந்த வழக்கத்தை உடைக்கப் போதனை போதாது. சாலை வேண்டும், பிரசவ அறை வேண்டும், தட்டில் மிச்சமும் வேண்டும்.

3

பழனி மலையிலிருந்து வடமேற்கே, வெள்ளைக்காரர்கள் தங்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள ஏறிய இன்னொரு மலை நீலகிரி. கர்ப்பிணியின் தட்டைப் பற்றி நம் காலத்து மருத்துவம் அறிந்தவற்றில் முக்கியமான ஒன்றின் வேர் அங்கே, குன்னூரில் இருக்கிறது.

1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய புகழ்பெற்ற எலிச் சோதனை இதுதான்: இந்தியாவின் பல பகுதி மக்கள் தின்னும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசிச் சோறு தின்ற வங்காளி எலியும் மதராசி எலியும் கடைசிக்குப் போயின. ‘போர்க்குணமுள்ள இனம்’, ‘கோழை இனம்’ என்று சிப்பாய்களைப் பிரித்த காலனியக் கதையாடலுக்கு இப்போது எலியும் சாட்சி சொன்னது. சும்மா சொல்லக்கூடாது, தீட்டிய அரிசியின் ஏழ்மையை அவர் சரியாகத்தான் கண்டார். ஆனால் மதராசி ஏன் பாலும் வெண்ணெயும் தின்னவில்லை என்ற கேள்வி எலிக்கூண்டுக்குள் நுழையவே முடியாது. எலிக்கு நிலமும் கிடையாது, கூலியும் கிடையாது.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பிரசவச் சாவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த மார்கரெட் பால்ஃபர் அழைத்து, ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலை செய்ய வந்தவர். ஜவுளி ஆலை நகரத்தின் ஏழைக் கர்ப்பிணிகளிடம் ஒரு விசித்திரமான சோகை இருந்தது. இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து, பெண்கள் வெளுத்துப்போய்ச் செத்தார்கள். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. சமையலறைக்குப் போனார். காயும் பழமும் பாலும் இறைச்சியும் அரிதான தட்டுகளில்தான் இந்த நோய் இருந்தது. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர்வரை குன்னூரில் மெக்காரிசனின் கூடத்தில் வேலை செய்தார். 1931ன் தொடக்கத்தில் சென்னையில், இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனையாக இருக்கும் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியில். பம்பாய்ப் பெண்களின் உணவைக் கொடுத்துக் குரங்குக்கு அதே சோகையை வரவழைத்தார். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தார். குரங்கு தேறியது. பெண்களும் தேறினார்கள். 1931ல் இதை எழுதி வெளியிட்டார்.

அந்தப் பசையில் இருந்தது என்ன என்று பிறகு தேடினார்கள். 1941ல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையைப் பிழிந்து ஒரு துளிப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம். அதனால் பெயர் ஃபோலிக் அமிலம். 1945ல் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உண்டாக்கிய லெடர்லி குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் உடுத்தியதால் முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். இளம் வயதில் ஸ்ப்ரூ எனும் குடல்நோயில் சாகக் கிடந்து மீண்டவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. 1991ல் வந்த ஓர் ஆய்வு, கருவுறும் முன்பே இதை எடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கலாம் என்று நிறுவியது.

இது மகத்தான கதை, எனக்குச் சந்தேகமில்லை. எத்தனையோ பெண்கள் இதனால் பிழைத்தார்கள். ஆனால் கதையின் போக்கைக் கவனியுங்கள். லூசி வில்ஸ் தொடங்கிய இடம் ஏழையின் தட்டு. தட்டிலிருந்து கீரை, கீரையிலிருந்து துளி, துளியிலிருந்து மாத்திரை. 1970ல் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டத்தைத் தொடங்கியபோது கைக்கு வந்தது அந்த மாத்திரைதான். கீரை வரவில்லை. தட்டில் ஏன் கீரை இல்லை என்ற கேள்வியும் வரவில்லை. நோயின் காரணம் ஏழ்மை என்று தொடங்கிய ஆராய்ச்சி, காரணம் ஒரு மூலக்கூறின் குறைவு என்பதாக முடிந்தது. ஃபூக்கோ சொன்ன உயிர்-அதிகாரம் அடிப்பதில்லை, கொல்வதில்லை. எண்ணுகிறது, எடை போடுகிறது, ஊட்டுகிறது. ஊட்டும்போதே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

4

இப்போது பழனி மலையின் தட்டுக்கு வருவோம்.

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. இவை வெள்ளைக்காரன் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த ஊர்கள். குன்னுவர்கள் படிப்படியாக வெட்டிய வயல்களில் நெல்லும் ராகியும் சாமையும் பூண்டும் விளைந்தன. பளியர்கள் காட்டிலிருந்து வள்ளிக்கிழங்கும் தேனும் கீரையும் எடுத்தார்கள். இதை ஒரு பொற்காலமாக வரைய எனக்கு விருப்பமில்லை. நிலம் உள்ளவனும் இல்லாதவனும், தொடத் தகுந்தவனும் தகாதவனும் அந்த மலையிலும் இருந்தார்கள். பஞ்சமும் காய்ச்சலும் இருந்தன. பிரசவத்தில் பெண்கள் செத்தார்கள்.

ஆனால் தட்டு மாறியது, மாறியவிதம் முக்கியமானது. 1882ன் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. கிழங்கு தோண்டுவது சலுகையாகவும் பல சமயம் குற்றமாகவும் ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு மாடு மேய்ந்த மேல்மலைப் புல்வெளிகளில் வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். மேய்ச்சல் சுருங்கினால் பாலும் எருவும் சுருங்கும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் காரட்டும் சந்தைப் பயிர்களாகி ராகி, சாமை வயல்களை எடுத்துக்கொண்டன. கீழ்மலையில் காப்பி. காரட் லாரியேறி வத்தலக்குண்டு வழியாக ஊருக்கெல்லாம் போகிறது. காரட் பிடுங்கிய பெண் கூலிக்காசில் ரேஷன் அரிசி பொங்கித் தின்று, சோறு தின்ற கையோடு ஒரு டீயும் குடிக்கிறாள். அந்த டீயின் துவர்ப்பு, சோற்றில் இருக்கிற கொஞ்சம் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. வெறுங்காலோடு தோட்டத்தில் நின்றால் கொக்கிப்புழு வேறு.

ராகியிலிருந்து தீட்டிய அரிசிக்கு மாறியதை எண்களில் சொன்னால் இப்படி: 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, தீட்டிய பச்சரிசியில் 7 அல்லது 8. இது பிள்ளையின் எலும்புக்கு மட்டுமான விஷயமல்ல. கர்ப்பிணிக்குக் கைகால் வீங்கி, இரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பில் போய் முடியும் ஜன்னிக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று 1980ல் ஹோஸே பெலிசானும் வில்லாரும் எழுதினார்கள். அவர்களுக்குப் பொறி தட்டியது குவாதமாலாவில். அங்கே மாயா இனப் பெண்கள் ஏழைகள், ஆனால் ஜன்னி குறைவு. அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துத்தான் சமைத்தார்கள். சுண்ணாம்புச் சத்து குறையும்போது உடம்பு அதை ஈடுகட்ட முயன்று, அந்த முயற்சியில் இரத்தக்குழாய்த் தசைகள் இறுகிக் கொதிப்பு ஏறுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். 2011ல் உலக சுகாதார நிறுவனம், சுண்ணாம்புச் சத்து குறைவாகக் கிடைக்கும் நாடுகளின் கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 1.5 முதல் 2 கிராம்வரை மாத்திரையாகத் தரச் சொன்னது. 2024ல் வெளியான இந்திய, தான்சானிய ஆய்வுகளில் ஒவ்வொரு நாட்டிலும் 11,000 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஜன்னிக்கு முந்தைய கொதிப்பைப் பொறுத்தவரை 500 மில்லிகிராம் 1,500க்குச் சளைத்ததல்ல என்று அவை காட்டின.

அரை கிராம்! ஒரு கர்ப்பிணி ஒரு நாளைக்குத் தின்னும் ராகிக் களியிலும் கீரையிலும் மோரிலும் எட்டக்கூடிய அளவு. ராகி தின்றால் ஜன்னி வராது என்று நான் சொல்லவில்லை. ராகியில் உள்ள சத்து முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்வதுமில்லை. கொதிப்பு வந்தவளுக்குத் தேவை டாக்டரும் மருந்தும்தான், களி அல்ல. நான் கேட்பது வேறு: தட்டிலிருந்து ஒரு தானியத்தைச் சந்தையும் அரசும் சேர்ந்து பிடுங்கிவிட்டு, அதிலிருந்த ஒரு சத்தை மட்டும் மாத்திரையாகத் திருப்பித் தருவதற்குப் பெயர் என்ன?

ஒரே ஒரு சத்து என்கிற இந்தத் தர்க்கம் மருத்துவத்துக்குள்ளேயே உதைக்கிறது. புனேயைச் சுற்றிய கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த யாஜ்னிக்கின் குழு 2008ல் எழுதியது இது: ஃபோலிக் அமிலம் மிகுந்து, பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைக்காத போக்கு ஆறு வயதிலேயே கூடுதலாகத் தெரிந்தது. பி12 பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் இருப்பது. தமிழ்நாட்டில் வி. சேஷய்யா குழு கர்ப்பகாலச் சர்க்கரை நோயை எண்ணியபோது, 2008ல் வெளியான கணக்குப்படி நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம். சோகையும் சர்க்கரையும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. வயிறு நிறைய அரிசி, தட்டில் வேறெதுவும் இல்லை என்பதன் இரண்டு முகங்கள் இவை.

5

தமிழ்நாட்டின் சாதனையைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனால் அதே காலத்துத் தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் சோகை உள்ளவர்கள் 2015–16ல் 44.4 சதவீதம், 2019–21ல் 48.3. மாத்திரைத் திட்டம் தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகு இது. பிரசவ அறை ஜெயித்துவிட்டது, சோகை அப்படியே நிற்கிறது. பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போனாலும் தாங்க மாட்டாத உடம்போடுதான் பாதிப்பேர் பிரசவ அறைக்குள் நுழைகிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது அந்த இரவு கையிருப்பில் இருக்கும் இரத்தமும் கண்விழித்திருக்கும் நர்ஸும்தான். மலைப்பாதையில் இரண்டுமே தூரம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1987ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018ல் 18,000 ரூபாயாக உயர்ந்து, பேரீச்சம்பழம், நெய், இரும்பு டானிக் கொண்ட பெட்டகமும் சேர்ந்தது. அங்கன்வாடியில் சத்துமாவு. 2024 மார்ச்சுக்குள் நாடு முழுக்க ரேஷனில் செறிவூட்டிய அரிசி. ஒவ்வொன்றும் உதவிதான். ஆனால் எல்லாமே கர்ப்பிணியைத் தனியே பிரித்தெடுத்து ஊட்டுகின்றன. பெட்டகம் வீட்டுக்குள் போனதும் என்ன ஆகிறது? நெய் மாமனார் இலைக்கும் பேரீச்சை மூத்த பிள்ளை வாய்க்கும் போகும். அவள் கடைசியில் உட்கார்ந்து மிச்சம் மீதியைத் தின்பாள். அதை ‘பாசம்’ என்கிறோம். 1961ன் மகப்பேறு நலச் சட்டம் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் வேலை செய்தவர்களைத் தொட்டது. காரட் வயலில் நாள்கூலிக்குக் குனிந்த கர்ப்பிணியைத் தொடவில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. வாயும் வயிறுமாக இருப்பவள் கடைசி மாதம்வரை குனிந்து நிமிர்வது எந்த அறியாமையாலும் அல்ல.

ஆகவே, மலைக் கிராமங்களில் வேலை செய்யும் தோழர்களிடம் நான் சொல்ல விரும்புவது இது. கர்ப்பிணிக்கு எதை ஊட்டலாம் என்ற கேள்வியைச் சுகாதாரத் துறையிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். மாத்திரையை வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாத்திரை உயிர் காக்கிறது, தவறாமல் விழுங்கச் சொல்லுங்கள். கூடவே கேளுங்கள். 2006ன் வன உரிமைச் சட்டப்படி பளியர்களுக்குக் கிழங்கும் தேனும் எடுக்கும் உரிமை எழுத்தில் வந்துவிட்டதா? நாள்கூலிப் பெண்ணுக்கு கடைசி மூன்று மாதம் கூலி யார் தருவது? 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். மலை என்பதற்காக நீலகிரிக்கு என்றால், பழனி மலை மட்டும் என்ன சமவெளியா? கொடைக்கானல் வட்டத்து ரேஷன் கடைகளுக்கும் ராகி வேண்டும், அதுவும் மலையிலேயே விளைந்ததை நல்ல விலைக்கு வாங்கித் தர வேண்டும் என்று ஒரு மனுப்போடுவதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. அடுத்த கிராமசபையிலேயே தொடங்கலாம்.